விமானிக்கு ஓய்வு வயது எத்தனை? அமெரிக்காவின் தீராத சண்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பயணிகள் விமானம் ஓட்டுகிறவர் 65 வயது நிறைந்ததும் விமானி இருக்கையை விட்டு எழுந்துவிட வேண்டும். அதை 67 ஆக்கலாமா என்று 2022 முதல் அங்கே இழுபறி. வேடிக்கை என்னவென்றால், விமானிகளே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். அவர்கள் சந்தா கட்டும் சங்கம் ஒரு கட்சியின் பக்கம் நிற்கிறது. நான் விமானி இல்லை. விமானத் தொழிலை வெளியிலிருந்து பல வருடமாகக் கவனித்துவருகிறவன், அவ்வளவுதான். இந்த விஷயம் பேச்சில் வரும்போதெல்லாம் வருகிற கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

கால அட்டவணைப்படி பறக்கும் விமான நிறுவனங்களில் 65வது பிறந்தநாள்தான் எல்லை. பயணிகள் விமானம் மட்டுமல்ல, பெரிய சரக்கு விமான நிறுவனங்களுக்கும் இதே விதி. சொந்த விமானம் வைத்திருப்பவருக்கு இந்த வரம்பு கிடையாது. வாடகை விமானம் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கும் கிடையாது.

உடம்பு நன்றாக இருந்தால் நீட்டிப்பு தருவார்களா என்றால், மாட்டார்கள். 40 வயதைத் தாண்டிய கேப்டன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதல் வகுப்பு மருத்துவச் சான்று வாங்க வேண்டும், வருடத்துக்கு ஒரு இ.சி.ஜி. எடுக்க வேண்டும். சிமுலேட்டரில், அதாவது தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் மாதிரி அறையில், தேர்வும் உண்டு. 64 வயதும் 11 மாதமும் ஆனவர் இவை எல்லாவற்றிலும் தேறியிருந்தாலும் அடுத்த மாதம் அது ஒன்றுக்கும் உதவாது. மூத்த விமானிகளுக்கு எரிச்சலே இங்கேதான் தொடங்குகிறது.

பழைய வரம்பு 60 என்கிறார்களே, அந்த எண் எங்கிருந்து வந்தது?

மருத்துவர்கள் உட்கார்ந்து ஆராய்ந்து கண்டுபிடித்த எண் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கதை வேறு.

1950களின் கடைசியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஜெட் விமானங்களை வாங்கிக்கொண்டிருந்தது. பிஸ்டன் எஞ்சின் காலத்தில் வளர்ந்த மூத்த கேப்டன்களை போயிங் 707க்கு மாற்றிப் பயிற்சி கொடுப்பது செலவு பிடித்த வேலை. சம்பளம் குறைவான இளையவர்களும், ராணுவத்தில் ஜெட் ஓட்டிவிட்டு வந்தவர்களும் தயாராக இருந்தார்கள். நிறுவனம் தன் அளவில் 60 வயதில் ஓய்வு என்று அறிவித்தது. விமானிகள் முறையிட்டார்கள். விவகாரம் நடுவரிடம் போய், விமானிகள் பக்கம் தீர்ப்பானது. நிறுவனத் தலைவர் சி.ஆர். ஸ்மித் அதற்கு இறங்கி வரவில்லை. 1959 பிப்ரவரியில், புதிதாக அமைந்திருந்த மத்திய விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் தலைவர் எல்வுட் கெசாடாவுக்கு ஒரு கடிதம் எழுதினார்: 60 வயதை அரசே வரம்பாக்கினால் நல்லது என்று. கெசாடா இரண்டாம் உலகப் போரில் விமானப்படைத் தளபதியாக இருந்தவர், ஸ்மித்துக்குத் தெரிந்தவர்.

அந்த வருட டிசம்பரில் விதி வெளியானது. 1960 மார்ச் 15 முதல் நடைமுறை. 1961இல் கெசாடா பதவியை விட்டு இறங்கி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் எந்த மூத்த விமானியிடம் பேச்சுக் கொடுத்தாலும் இந்தக் கதையைத் தேதியோடு சொல்வார்.

விமானிகள் சங்கம் வழக்குப் போட்டது. 1960இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் எஃப்.ஏ.ஏ. பக்கமே நின்றது. அதன் பிறகு 47 வருடம் 60தான்.

அப்படியானால் மருத்துவக் காரணமே இல்லையா?

இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. வயது கூடக் கூட மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் அதிகமாகும். யாருக்கு, எப்போது என்றுதான் தெரியாது. 1981இல் அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் அமைத்த குழு, 60 என்ற வயதுக்குத் தனி மருத்துவ முக்கியத்துவம் எதுவும் இல்லை என்றது. கூடவே, யார் தகுதியானவர், யார் இல்லை என்று ஆளாளுக்குப் பிரித்துச் சொல்ல நம்பகமான சோதனையும் இல்லை, ஆகவே விதி இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் சொன்னது. 1993இல் எஃப்.ஏ.ஏ.வுக்காகச் செய்த இன்னொரு ஆய்வு, 60ஐ நெருங்கும் விமானிகளிடம் விபத்து விகிதம் ஏறுவதற்கான அறிகுறி இல்லை என்றது.

ஓட்டுநர் அறையில் இருவர் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஒருவர் மயங்கினால் இன்னொருவர் இறக்க வேண்டும். அதற்கென்றே பயிற்சி கொடுக்கிறார்கள். ஆகவே வரம்பு வேண்டும் என்பதற்கு நியாயம் இருக்கிறது. அது 60தான், 65தான், 67தான் என்பதற்கு மருத்துவத்தில் பதில் இல்லை. எந்த எண்ணை வைத்தாலும் அது பேரம் பேசி வந்த எண்தான்.

சரி, விமானிகளுக்குள்ளேயே ஏன் இவ்வளவு சண்டை?

சீனியாரிட்டி. இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும்.

அமெரிக்க விமான நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிற அன்று உங்களுக்கு ஓர் எண் கிடைக்கும். சேர்ந்த தேதிப்படி ஒரே வரிசை. ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் வயதில் மூத்தவருக்கு முன் எண் கொடுப்பது சில நிறுவனங்களில் வழக்கம். அதன் பிறகு உங்கள் வாழ்க்கையை அந்த எண்தான் நடத்தும். எந்த ஊரை மையமாக வைத்து வேலை, எந்த விமானம், துணை விமானியின் வலது இருக்கையா கேப்டனின் இடது இருக்கையா, தீபாவளி, கிறிஸ்துமஸ் போன்ற நாட்களில் வீட்டில் இருப்பீர்களா, மாதம் முழுக்கத் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்கும் ரிசர்வ் பட்டியலில் கிடப்பீர்களா, எல்லாமே அதன்படிதான். நல்ல வேலைகளை மேலே இருப்பவர் முதலில் எடுத்துக்கொள்வார், மிஞ்சியது கீழே வரும். ஆட்குறைப்பு வந்தால் கடைசி எண்ணிலிருந்து வீட்டுக்கு அனுப்புவார்கள்.

திறமை, பதக்கம், மேலாளரின் அன்பு எதுவும் இந்த வரிசையை மாற்றாது. சங்கமே இப்படித்தான் கேட்டு வாங்கியது. பாதுகாப்புக் காரணத்துக்காக விமானத்தை எடுக்க மறுக்கிற கேப்டனை, 'இவனுக்கு அடுத்த பதவி உயர்வு கிடையாது' என்று நிர்வாகம் பழிவாங்கக் கூடாது அல்லவா? அந்த வகையில் நல்ல ஏற்பாடு. ஆனால் இந்த எண்ணை வேறு நிறுவனத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. 50 வயது கேப்டன் வேலை மாறினால் 26 வயதுப் பையனுக்குக் கீழே கடைசியில் நின்று தொடங்க வேண்டும்.

மேலே இருக்கும் ஒருவர் ஓய்வு பெற்றால் கீழே உள்ள எல்லோரும் ஒரு படி ஏறுவார்கள். அவர் இரண்டு வருடம் தங்கினால் அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். 64 வயதுக்காரர் வாய்ப்பு என்று சொல்வதை 34 வயதுக்காரர் வழிமறிப்பு என்கிறார். இருவருமே மேடையில் ஏறினால் பாதுகாப்பு என்றுதான் பேசுவார்கள்!

இளையவருக்கும் கடைசியில் அதே இரண்டு வருடம் கிடைக்குமே, பிறகு என்ன நஷ்டம்?

நல்ல கேள்வி. மூத்தவர்கள் எப்போதும் கேட்பது இதைத்தான். 'உனக்கும் 67 வரைதானே, கணக்கு சரியாகிவிடும்.'

காகிதத்தில் சரியாகும். ஆனால் 36 வயதில் கேப்டன் ஆவதற்கும் 38இல் ஆவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வீட்டுக்கடன், சின்னக் குழந்தைகள் எல்லாம் அந்த வயதில்தான். அதற்கு ஈடாகக் கிடைப்பது 30 வருடம் கழித்து வரப்போகும் இரண்டு வருடம். அதுவும் அதுவரை மருத்துவச் சான்று நிலைத்தால்தான். சர்க்கரை, இதயம், கண், மனச்சோர்வு என்று ஏதோ ஒன்று குறுக்கே வந்து 65க்கு முன்பே சான்றை இழக்கும் விமானிகள் உண்டு. அவர்களைப் பொறுத்தவரை முன்னால் போனது போனதுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சம்பளம் பொதுவாக 12 வருடப் பணியோடு அந்தந்த விமானத்துக்கும் இருக்கைக்கும் உரிய உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஏற வேண்டுமானால் பெரிய விமானத்துக்கு மாற வேண்டும் அல்லது இடது இருக்கைக்கு மாற வேண்டும். இரண்டுக்கும் மேலே யாராவது இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

2007இல் 60ஐ 65 ஆக்கினார்களே, அப்போது என்ன நடந்தது?

முழுக் காரணமும் வானத்தில் இல்லை, வங்கிக் கணக்கில் இருந்தது.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திவால் பாதுகாப்புக் கேட்டன. திவால் நீதிமன்றத்தில் முதலில் வெட்டப்பட்டவற்றில் ஓய்வூதியமும் ஒன்று. யுஎஸ் ஏர்வேஸ் விமானிகளின் திட்டம் 2003இல் முடிந்தது, யுனைடெட்டின் திட்டங்கள் 2005இல், டெல்டா விமானிகளுடையது 2006இல். நொடித்த ஓய்வூதியத் திட்டங்களை ஏற்றுக்கொள்ள அங்கே ஓர் அரசுக் காப்பீட்டு நிறுவனம் உண்டு. அது கொடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு இருக்கிறது, அந்த உச்சவரம்பு 65 வயதில் ஓய்வு பெறுகிறவருக்கானது. 60இல் ஓய்வு பெற்றால் அதில் 65 சதவீதம்தான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரசின் ஒரு கை 60 வயதில் வேலையை விட்டுப் போ என்கிறது. இன்னொரு கை, சீக்கிரம் போய்விட்டாய், ஆகவே தொகை குறையும் என்கிறது. 30 வருடம் பறந்துவிட்டு, வருமென்று நம்பியிருந்த ஓய்வூதியத்தில் ஒரு பகுதியோடு வீட்டுக்குப் போன கேப்டன்கள் ஏராளம். 60இல் சந்தோஷமாக இறங்கிப் போகலாம் என்றிருந்தவர்களே இன்னும் ஐந்து வருடம் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது அப்போதுதான்.

இதற்கு நல்ல சாட்சி சவுத்வெஸ்ட். அங்கே பழைய பாணி மாத ஓய்வூதியம் கிடையாது. சேமிப்புத் திட்டமும் லாபப் பங்கும்தான். அந்த நிறுவனத்து விமானிகள் சங்கம் மற்றவர்களுக்கு முன்பே வரம்பை உயர்த்தச் சொல்லிக் கேட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சங்கம் கடைசி வரை எதிர்த்தது.

வெளியிலிருந்தும் அழுத்தம் வந்தது. ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. 2006 நவம்பரில் 65க்கு மாறியது. அந்த விதிப்படி 63 வயது வெளிநாட்டுக் கேப்டன் நியூயார்க்கில் வந்து இறங்கலாம்; அதே வயது அமெரிக்கக் கேப்டன் அங்கிருந்து கிளம்ப முடியாது. இது நீண்ட நாள் தாங்காது என்று எல்லோருக்கும் புரிந்தது. 2007 ஜனவரியில் எஃப்.ஏ.ஏ. தலைவர் மேரியன் பிளேக்கி மாற்றப்போவதாக அறிவித்தார். டிசம்பரில் நாடாளுமன்றமே சட்டம் போட்டுவிட்டது. பிரதிநிதிகள் சபையில் 390க்கு 0. டிசம்பர் 13 அன்று ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார்.

சங்கம் பல்டி அடித்தது என்கிறார்களே?

ஒருமுறை இல்லை, இரண்டு முறை.

ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷன், சுருக்கமாக ஆல்பா, 1931இல் தொடங்கிய சங்கம். யுனைடெட், டெல்டா, ஃபெட்எக்ஸ் என்று பல நிறுவனங்களின் விமானிகள் அதில் இருக்கிறார்கள். 1960இல் 60 வயது விதியை எதிர்த்து வழக்குப் போட்டது இதே சங்கம்தான். 1980இல் நிலையை மாற்றிக்கொண்டு அதே விதிக்குக் காவலாக நின்றது. நல்ல ஓய்வூதியம் இருந்த காலம் அது. 60இல் போவது பெரும்பாலோருக்கு வசதி, கீழே இருப்பவர்களுக்கு இன்னும் வசதி. 2007 மே மாதம் மறுபடியும் மாறியது: மாற்றம் எப்படியும் வரப்போகிறது, வெளியே நின்று கத்துவதைவிட உள்ளே போய் விதிமுறைகளை எழுதுவதில் பங்கெடுப்போம் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது.

இதைக் கொள்கையில்லாமை என்று திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பான்மை உறுப்பினர்களின் பணம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் சாய்வதுதான் வாக்கெடுப்பில் நடக்கும் சங்கத்தின் இயல்பு. ஒவ்வொரு முறையும் அதைப் பாதுகாப்பு என்ற பெயரில் சொன்னதுதான் தப்பு. 60க்கு மேல் ஓட்டினால் ஆபத்து என்று 27 வருடம் சொன்ன வாய், திடீரென்று ஆபத்தில்லை என்று சொன்னால் கேட்கிறவன் சிரிக்கமாட்டானா?

டிசம்பர் 13க்கு முந்தைய நாள் 60 வயதானவர்கள் என்ன ஆனார்கள்?

போனார்கள். சட்டம் பின்தேதியிட்டு வேலை செய்யவில்லை. அன்றைக்கு வேறொரு விமானப் பணியாளர் பொறுப்பில், உதாரணமாக ஃப்ளைட் எஞ்சினியராக, வேலையில் இருந்தவருக்கு மட்டும் விலக்கு. மற்றவர்கள் திரும்ப வரலாம், ஆனால் புது ஆளாக, பழைய சீனியாரிட்டி எதுவும் இல்லாமல், வரிசையின் கடைசியில். ஒரு நாள் முன்னால் பிறந்த குற்றத்துக்கு ஐந்து வருடச் சம்பளம் போனது. அவர்களில் சிலர் வழக்குப் போட்டுப் பார்த்தார்கள்; 2013இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

இந்தப் பக்கம் இப்படி என்றால், இளையவர்களுக்கு வேறு வகையில் அடி. அடுத்த ஐந்து வருடம் மேலேயிருந்து யாரும் வயதால் இறங்கவில்லை. அதே சமயம் 2008 பொருளாதார வீழ்ச்சி வந்து சேர்ந்தது. துணை விமானியாகச் சேர்ந்து பத்து வருடம் அதே இருக்கையில் உட்கார்ந்தவர்கள், இரண்டு முறை ஆட்குறைப்பில் வீட்டுக்குப் போனவர்கள் என்று ஒரு தலைமுறையே உண்டு. இன்றைக்கு 67 என்றதும் அதிகமாகக் கொதிப்பவர்கள் அவர்கள்தான். ஒருமுறை சுட்ட பால் அல்லவா. அவர்களே இப்போது ஐம்பதுகளில் இருக்கிறார்கள், இன்னும் சில வருடத்தில் அவர்களில் எத்தனை பேர் கட்சி மாறுவார்கள் என்பது தனிக் கதை.

67 கோரிக்கை இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

2022இல் செனட்டர் லிண்ட்சே கிரஹாம் மசோதா கொண்டுவந்தார். 2023 ஜூலையில் பிரதிநிதிகள் சபை எஃப்.ஏ.ஏ. சட்டத்தோடு 67ஐயும் சேர்த்து 351க்கு 69 என்று நிறைவேற்றியது. 2024 பிப்ரவரியில் செனட் குழுவில் 14க்கு 13 என்று, ஒரே ஒரு வாக்கில் விழுந்தது. எஃப்.ஏ.ஏ. தலைவர் மைக்கேல் விட்டேக்கர், முதலில் ஆய்வு செய்ய விடுங்கள் என்று கடிதம் எழுதியிருந்தார். 2024 மே 16 அன்று கையெழுத்தான சட்டத்தில் வயது பற்றிய மாற்றம் இல்லை.

சிறு ஊர்களுக்குப் பறக்கும் பிராந்திய நிறுவனங்களின் கூட்டமைப்பு 67 வேண்டும் என்கிறது. ஆல்பா கூடாது என்கிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் சங்கமும் கூடாது என்கிறது.

அமெரிக்கா மட்டும் 67 ஆக்கினால் என்ன சிக்கல்?

ஆல்பாவின் வாதங்களிலேயே எனக்கு வலுவாகப் படுவது இதுதான். உலக அளவில் ஐ.சி.ஏ.ஓ. வரம்பு இன்னும் 65. அமெரிக்கச் சட்டம் 67 என்றாலும் 66 வயது கேப்டன் லண்டனுக்கோ பாரிஸுக்கோ ஓட்டிப் போக முடியாது. ஆனால் அந்த வயதுக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள்? சீனியாரிட்டியின் உச்சியில், அதாவது கடல் கடந்து போகும் பெரிய விமானங்களில்.

அவர்கள் உள்நாட்டு விமானத்துக்கு இறங்க வேண்டும். பெரிய விமானத்திலிருந்து போயிங் 737க்கு வந்தால் பல வாரப் பயிற்சி. அவர் அங்கே வந்து உட்காரும்போது ஏற்கெனவே இருக்கும் கேப்டன் இடம்பெயர்வார், அவர் வேறொருவரைத் தள்ளுவார். பெரிய விமானத்தில் காலியான இருக்கைக்கு இன்னொருவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஒருவர் நகர்ந்தால் வரிசையாக நாலைந்து பேர் சிமுலேட்டருக்குப் போவார்கள். விமானி போதவில்லை என்று கொண்டுவந்த சட்டத்தால் உள்ள விமானிகளே பயிற்சி மையத்தில் காத்திருக்க வேண்டி வரும்.

உலக வரம்பையே மாற்றிவிடலாமே என்று 2025இல் விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா ஐ.சி.ஏ.ஓ.விடம் 67 கேட்டுப் பார்த்தது. அந்த வருடப் பேரவையில் அது தேறவில்லை.

விமானி பற்றாக்குறை என்பது நிஜமா, கட்டுக்கதையா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். 2020இல் கொரோனா வந்தபோது பெரிய நிறுவனங்கள் அரசு உதவிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, ஆயிரக்கணக்கான மூத்த விமானிகளுக்கு முன்கூட்டிய ஓய்வுத் தொகையும் கொடுத்து அனுப்பின. இரண்டு வருடத்தில் பயணிகள் திரும்பினார்கள், விமானிகள் இல்லை. பெரிய நிறுவனங்கள் பிராந்திய நிறுவனங்களிலிருந்து ஆள் எடுத்தன, அங்கே கேப்டன்கள் காலியானார்கள், சின்ன ஊர்களுக்கு விமானம் நின்றது. ஆக, சின்ன ஊர்க்காரர்களுக்குப் பற்றாக்குறை நிஜம்தான்.

இதோடு 1,500 மணி நேர விதியையும் இழுப்பார்கள். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக, துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்று 2013இல் விதி வந்தது. ஆள் வரத்து குறைய இதுவே காரணம் என்று பிராந்திய நிறுவனங்கள் சொல்கின்றன. விழுந்த விமானத்தின் விமானிகள் இருவருக்குமே 1,500 மணி நேரத்துக்கு மேல் அனுபவம் இருந்தது என்பதைச் சங்கம் பெரிதாகப் பேசாது.

எஞ்சின்கள் நின்றுபோன விமானத்தை நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கிய கேப்டன் வயதானவர்தானே? அனுபவம் முக்கியம் என்பதற்கு அது போதாதா?

சல்லி சல்லன்பெர்கருக்கு அன்று, 2009 ஜனவரி 15இல், 57 வயது. பழைய விதிப்படியும் அவர் ஓட்டலாம். ஆகவே அந்தச் சம்பவம் 65க்கோ 67க்கோ சாட்சி ஆகாது. எனக்கு ஞாபகத்தில் நிற்பது, அடுத்த மாதம் அவர் நாடாளுமன்றக் குழு முன் பேசியது. தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியம் போனதையும் அங்கே சொன்னார். வரம்பு 65 ஆகியிருந்தும் 2010இல், 60ஐத் தொடும் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்.

சங்கம் எல்லா உறுப்பினர்களுக்கும் பொதுவானது. மூத்தவர்களுக்கு எதிராக எப்படி நிலை எடுக்கலாம்?

எடுக்கலாம் என்றுதான் நீதிமன்றங்கள் சொல்கின்றன, எல்லையோடு.

1926இல் ரயில்வேக்காக வந்த தொழிலாளர் சட்டத்தை 1936இல் விமானத் துறைக்கும் நீட்டினார்கள். அதன்படி ஒரு நிறுவனத்தின் விமானிகள் எல்லோருக்கும் ஒரே சங்கம்தான் பேச முடியும். தனியாகப் போய் நிர்வாகத்திடம் பேரம் பேசும் உரிமை உங்களுக்கு இல்லை. அதற்கு ஈடாக, எல்லோரையும் நேர்மையாகப் பிரதிநிதித்துவம் செய்யும் கடமை சங்கத்துக்கு உண்டு. மனம்போன போக்கு, பாரபட்சம், கெட்ட எண்ணம் மூன்றும் கூடாது. ஆனால் 1991இல் ஆல்பா சம்பந்தப்பட்ட வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சங்கத்துக்கு நிறைய இடம் கொடுத்துவிட்டது: முடிவு அறிவுக்கே பொருந்தாத அளவுக்கு இருந்தால்தான் தப்பு. காண்டினென்டல் விமான நிறுவனத்தில் நடந்த வேலைநிறுத்தத்தை முடிக்கச் சங்கம் போட்ட ஒப்பந்தம் பற்றிய வழக்கு அது. பேசாமல் சரணடைந்திருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்று விமானிகள் வாதாடியும் தோற்றார்கள்.

எப்போதுமே சங்கம் தப்பிவிடும் என்றில்லை. 2001இல் டிடபிள்யூஏ நிறுவனத்தை அமெரிக்கன் வாங்கியபோது, டிடபிள்யூஏ விமானிகளின் சீனியாரிட்டியை ஆல்பா காப்பாற்றவில்லை என்று 2011இல் ஜூரி தீர்ப்புச் சொன்னது. ஆல்பா 5 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது.

வயது விஷயத்தில் மூத்தவர்களின் உண்மையான பலவீனம் வேறு. ஓய்வு பெற்ற பிறகு ஒப்பந்தத்தில் வாக்கு இல்லை. 64 வயதுக்காரர்கள் எண்ணிக்கையில் எப்போதும் கொஞ்சம் பேர்தான், வருடந்தோறும் உதிர்ந்துபோகிறவர்கள்.

சங்கம் பிடிக்கவில்லையென்றால் மாற்றலாமா?

மாற்றலாம், மாற்றியும் இருக்கிறார்கள். அமெரிக்கன் விமானிகள் 1963இலேயே ஆல்பாவை விட்டுத் தனிச்சங்கம் கண்டார்கள். ஆனால் அசலான கதை யுஎஸ் ஏர்வேஸில் நடந்தது.

2005இல் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தன. இரண்டு பக்க விமானிகளும் ஆல்பா உறுப்பினர்கள். இரண்டு சீனியாரிட்டி பட்டியல்களை எப்படி ஒன்றாக்குவது? கிழக்குப் பக்கத்தவர்கள், அதாவது பழைய யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள், வருடக்கணக்கில் மூத்தவர்கள். ஆனால் அவர்கள் நிறுவனம் நொடித்துக்கொண்டிருந்தது, பலர் ஆட்குறைப்பில் வீட்டில் இருந்தார்கள். மேற்குப் பக்கத்தவர்கள் இளையவர்கள், வேலையில் இருந்தார்கள். நடுவர் ஜார்ஜ் நிகோலோ 2007இல் தீர்ப்புச் சொன்னார்: சேர்ந்த தேதியை மட்டும் பார்க்க முடியாது, இணைப்பின்போது யாருக்கு என்ன வாய்ப்பு இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பதினைந்து வருடத்துக்கு மேல் பணிக்காலம் உள்ள கிழக்கத்தியர்கள், நேற்று சேர்ந்த மேற்கத்தியர்களுக்குக் கீழே போனார்கள்.

கிழக்கத்தியர்கள் எண்ணிக்கையில் அதிகம். சேர்ந்த தேதிதான் கணக்கு என்று சொல்லிப் புதுச் சங்கம் தொடங்கினார்கள். 2008 ஏப்ரலில் வாக்கெடுப்பில் ஆல்பா வெளியே போனது. பெயரளவில் ஒரே நிறுவனம்; விமானிகள் மட்டும் வருடக்கணக்கில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பட்டியல், இரண்டு சம்பளம் என்று பறந்தார்கள். பட்டியல் ஒன்றாகாதவரை புது ஒப்பந்தமும் கிடையாது, சம்பள உயர்வும் கிடையாது. 2013இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணைந்த பிறகு, புது நடுவர் குழு வந்து 2016இல்தான் முடித்துவைத்தது. வயதுச் சண்டையில் ஏன் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். எண்ணுக்காகச் சொந்தச் சங்கத்தையே கலைத்தவர்கள் இவர்கள்.

மற்ற நாடுகளில்?

இந்தியாவிலும் 65தான். ஜப்பான் 2015இல் 68வது பிறந்தநாளுக்கு முன்பு வரை என்று நீட்டியது. கனடாவில் உரிமத்துக்கு அரசு வயது வரம்பு வைக்கவில்லை; ஏர் கனடா ஒப்பந்தத்தில் இருந்த 60ஐ எதிர்த்து விமானிகள் பல வருடம் வழக்காடினார்கள். ஜெர்மனியில் லுஃப்தான்சாவும் சங்கமும் சேர்ந்தே 60 என்று ஒப்பந்தம் போட்டிருந்தன. மூன்று கேப்டன்கள் வழக்கு தொடுக்க, 2011இல் ஐரோப்பிய நீதிமன்றம் அது வயதுப் பாகுபாடு என்றது. சர்வதேச விதியே 65 வரை ஓட்டலாம் என்னும்போது பாதுகாப்புக்காக 60 என்பது தேவைக்கு மீறியது என்பது காரணம். சங்கம் ஒப்புக்கொண்டது என்பதற்காகத் தனிமனித உரிமை போய்விடாது என்பது அதில் எனக்குப் பிடித்த பகுதி.

நீங்கள் எந்தப் பக்கம்?

உலகம் முழுக்க ஒரே நாளில் மாறினால் 67இல் எனக்கு ஆட்சேபம் இல்லை. அமெரிக்கா மட்டும் தனியாக மாறுவது வீண் குழப்பம். மாறும் நாளில் இன்னொன்றும் செய்யலாம்: ஒரேயடியாக இரண்டு வருடம் கூட்டாமல், வருடத்துக்குச் சில மாதம் என்று படிப்படியாக ஏற்றினால் கீழே இருப்பவர்களுக்கும் வரிசை நின்றுபோகாமல் மெதுவாகவாவது நகரும், ஒரு நாள் வித்தியாசத்தில் ஐந்து வருடம் இழந்த 2007 கொடுமையும் வராது. இது என் யோசனைதான்.

65 ஆனதும் அவர்கள் என்ன செய்கிறார்கள்?

சிமுலேட்டரில் பயிற்சி கொடுக்கப் போகிறவர்கள் உண்டு, வாடகை ஜெட் ஓட்டுகிறவர்கள் உண்டு, சின்ன விமானம் ஒன்று வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் பறக்கிறவர்களும் உண்டு. கடைசிப் பயணம் முடிந்து வரும்போது தீயணைப்பு வண்டிகள் இரண்டு பக்கமும் நின்று தண்ணீர் வளைவு போடும். மனைவி, பிள்ளைகள் அதே விமானத்தில் பயணிகளாக வந்திருப்பார்கள். துணை விமானி கைகுலுக்கி, கூட நின்று படம் எடுத்துக்கொள்வார். பட்டியல் அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது அவருடைய எண்ணில் ஒன்று குறைந்திருக்கும்.